தீ படாத இனிப்பு

திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிக்கு அந்த அக்கா குடிவந்த அன்று, வீட்டுக்கார அம்மா ஒரு சொம்பு பாலோடு படியேறிப் போனார். புதிதாக வருகிறவர்கள் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம் என்பது அவருடைய கண்டிப்பு. போன வேகத்தில் இறங்கி வந்து என் வாசலில் நின்றார்.

"அடுப்பே எடுத்தாரலியாம்மா. கேஸும் இல்லியாம். பால் காய்ச்ச மாட்டேன்றாங்க."

பின்னாலேயே அந்த அக்கா இறங்கி வந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது இருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ரொம்ப நாள் பழகியவர் போல, "உங்க வீட்டு அடுப்புல காய்ச்சிக் குடும்மா. நான் வெளிய நிக்கறேன்" என்றார்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். "பொங்கிடுச்சிக்கா" என்று குரல் கொடுத்தேன். திரும்பவில்லை.

"அணச்சிட்டியா?"

"அணச்சிட்டேன்."

அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

அவர் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. சாமி படம் இருந்தது, விளக்கு இல்லை. தினமும் பூ மட்டும் வைப்பார். அடுக்களை மேடையில் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூடையும் அதில் வாழைப்பழமும் இருக்கும். காலையில் தயிரில் ஊறிய அவல். மதியம் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்து மெஸ். மாலையில் ஸ்டேஷன் வாசலில் இட்லி வாங்கிக்கொண்டு வருவார். "கரண்ட் அடுப்பாவது வாங்கலாமேக்கா" என்று ஒருமுறை கேட்டேன். "எது கொதிச்சாலும் எனக்கு ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

விழுப்புரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நான் அதே ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தேன். காலையில் ஒரே பாசஞ்சரில் போவோம், சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்புவோம். ரயிலில் அவர் போனில் பார்ப்பதெல்லாம் அடுப்பில்லாத சமையல். சத்தத்தை வைக்க மாட்டார். கைகள் நறுக்குவதையும் கலக்குவதையும் மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கைக்கு வசப்பட்டதுதான் வாழைப்பழப் புட்டிங்.

குடிவந்த முதல் வாரமே ஒரு சில்வர் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாக்கா இது, கேக்கா?" என்றேன்.

"கேக்கு இல்ல, புட்டிங்கு. தீ பட்டது உலகத்துல ஆயிரம் இருக்குது. படாதது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டுமே."

அவர் செய்கிறதைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் நாளே புளிக்காத கெட்டித் தயிரைப் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, வடிகட்டி மேல் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு பிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். மறுநாள் அவிழ்த்தால் அது வெண்ணெய் மாதிரி இறுகியிருக்கும். அதில் டின்னில் வரும் இனிப்புப் பாலை ஊற்றி, கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்குவார். கை மாற்றினால் நீர்த்துவிடும் என்பார். உண்மையா என்று தெரியாது. ஏலக்காய் இரண்டு. பழம் ரஸ்தாளிதான் வேண்டும். "பூவன் புளிச்சிடும். பச்சப்பழம் கொழகொழன்னு ஆயிடும். ரஸ்தாளிய அமுக்கிப் பாத்து வாங்கணும், நடுவுல கட்டி கட்டியா இருக்கும்" என்பார். வட்டம் வட்டமாக அரிந்து, கறுக்காமல் இருக்க எலுமிச்சம்பழம் நாலு சொட்டு தெளிப்பார். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் மேரி பிஸ்கட், அதன்மேல் பழம், அதன்மேல் தயிர்க் கலவை, திரும்பவும் பிஸ்கட். மேலே வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம், தோல் நீக்கி, உடைத்துத் தூவுவார். நெருப்பைப் பார்த்ததாகக் கண்ணுக்குத் தெரிவது அந்த மல்லாட்டை மட்டும்தான். அதுவும் தள்ளுவண்டியில் யாரோ வறுத்தது.

பிறகு நாலு மணி நேரம் பிரிட்ஜில் இருக்க வேண்டும். பிஸ்கட் ஊறிக் கேக்கு மாதிரி ஆக வேண்டும். நடுவில் திறக்கவே விட மாட்டார். என் மகள் ஏழு வயதுக்காரி, பிரிட்ஜ் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். முதல் கிண்ணம் அவளுக்குத்தான்.

அந்த மகளின் பிறந்தநாளுக்கு நான் கேக் வாங்கவில்லை. அக்காவே பெரிய தட்டில் புட்டிங் செய்து, பழத்தாலேயே பேர் எழுதிக் கொண்டுவந்தார். என் கணவர் அதில் ஏழு மெழுகுவத்தி குத்தித் தீக்குச்சியைக் கிழித்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா நின்ற இடத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி கை தட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் பாடி முடித்து, குழந்தை ஊதி அணைத்த பிறகும் உள்ளே வரவில்லை. புகை நெடி போகட்டும் என்றார்.

கார்த்திகைக்குத் தெருவெல்லாம் அகல் எரியும். அவர் பேட்டரி விளக்கு ஐந்தை வாங்கி மாடிச் சுவரில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார்.

வீட்டுக்கார அம்மா இதற்கெல்லாம் ஒரு கணக்கு வைத்திருந்தார். "புருஷன் வீட்ல கொளுத்திப் போட்டிருப்பாங்கம்மா. பொழச்சி வந்திருக்குது. கழுத்த மூடிக்கினே இருக்குது பாத்தியா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்கும் அது சரி என்று பட்டது. ஒருநாள் மொட்டை மாடியில் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் போய் நின்றேன். நோட்டம் விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்து, முதுகு, கை எதிலும் ஒரு தழும்பு இல்லை. வழவழவென்று இருந்தது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு அவரிடம் ஒரு சின்ன பயம் வந்தது. சுட்டது இவரை இல்லை என்றால், யாரை?

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. எனக்குச் சளி, மூக்கடைப்பு, கேஸ் நெடி தெரியவில்லை. திடீரென்று கதவு படாரென்று திறந்தது. அக்கா. மாடியிலிருந்து மோப்பம் பிடித்து ஓடிவந்திருக்கிறார். சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் திறந்தார், என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அதன் பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவ சாத்திக்கினு உள்ள இருக்கியே. கூப்ட்டா எவளுக்குக் கேக்கும்?" என்றார். பிறகு மெதுவாக, "கேட்டாலும் எவ எழுந்து வருவா?" என்றார்.

அது என்னிடம் சொன்னதில்லை என்று அப்போதே தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து ரயிலில் அவர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பேரணி ஸ்டேஷன் தாண்டியிருப்போம். போனைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நேத்து ஒரு பொண்ணு சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுக்க வந்துச்சி. நர்சிங் படிக்குதாம். ஊரு கெடாரு. அப்பா பேரு சொன்னுச்சி, டைப் அடிச்சேன். அது எங்க அண்ணன் பேரு. அம்மா பேரு சொன்னுச்சி. கை ஓடல."

"யாருக்கா அது?"

"எங்க அண்ணன் மக. ஒண்ணர வயசுல தூக்கிக்கினு போனாங்க. இப்ப இருவது முடிஞ்சிடுச்சி. நெத்தி அப்படியே அண்ணி நெத்தி."

"நீங்க சொல்லலியா?"

"அந்தப் பொண்ணு என்ன மேடம்னு கூப்புடுது. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

சான்றிதழ் வந்த அன்று அதை வாங்க அந்தப் பெண் வந்தாள். காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நான் உன் அத்தை என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தப் பெண் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாளாம். பத்து நாள் கழித்து அவளே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலமே அக்கா தயிரைக் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் பழம் அரியும்போது கத்தி சரியாக நிற்கவில்லை. ஒரு வட்டம் தடிமனாகவும் ஒன்று மெல்லிசாகவும் விழுந்தது. நான் வாங்கி அரிந்தேன். பிஸ்கட் அடுக்கும்போது, "மதியம் நீயும் இங்க இரும்மா" என்றார்.

"உங்க குடும்ப விஷயம்க்கா. நான் எதுக்கு?"

"தனியா இருந்தா பொய் சொல்லிடுவேன்."

மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். மஞ்சள் சுடிதார், முதுகில் பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அக்கா எதிரில் கட்டிலில். நான் அடுக்களை வாசலில் நின்றேன். புட்டிங் கிண்ணத்தை நடுவில் வைத்து, அக்கா ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டார். அவள் தொடவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கெடார்ல எங்க மாமா சொல்றாரு, எங்க அம்மாவ நீங்கள்லாம் சேந்து கொளுத்திட்டீங்கன்னு. நெஜமா?"

"இல்ல."

"அப்ப இன்னா நடந்துச்சி?"

அக்கா நேராக உட்கார்ந்தார். அவர் அன்று சொன்னதை இத்தனை நாள் கழித்தும் வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடியும்.

"எங்க வீடு வானூர் பக்கம். அண்ணன் வேலைக்குப் போயிருந்துச்சி. அம்மா மல்லாட்ட புடுங்கப் போயிருந்தாங்க. அண்ணி பின்னால கீத்துக் கொட்டாயில சமையல் பண்ணிக்கினு இருந்துச்சி. மண்ணெண்ண பம்ப் ஸ்டவ்வு. நான் கூடத்துல டிவி பாத்துக்கினு இருந்தேன். அண்ணி கூப்ட்டுச்சி. என்ன எப்பவும் பாப்பான்னுதான் கூப்புடும். நான் எழுந்துக்கல. தண்ணி எடுத்தாரச் சொல்லுவாங்க, வெளம்பரம் வந்தா போலாம்னு இருந்துட்டேன். மறுபடியும் கூப்ட்டுச்சி. வரேன்னு கூட சொல்லல. மூணாவது தடவ அது கூப்புடல. கத்துச்சி. நான் ஓடறதுக்குள்ள பொடவ முழுக்கப் புடிச்சிக்கிச்சி. அக்கம்பக்கத்துல ஓடியாந்தாங்க, சாக்க போட்டு அணச்சோம். ஜிப்மர் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் உசுரோட இருந்துச்சி."

அந்தப் பெண்ணின் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

"மொத கொரல்லயே போயிருந்தா?"

"ஸ்டவ்வு எப்ப புடிச்சிதுன்னு எனக்குத் தெரியாது. மொத கொரலு எதுக்குன்னும் தெரியாது. போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போலீஸ் கேக்கலியா?"

"கேட்டாங்க. நான் வீட்ல இல்ல, தண்ணிக் கொழாயாண்ட இருந்தேன்னு சொன்னேன். அம்மா சொல்லச் சொன்னாங்க. கூட இருந்தும் காப்பாத்தலன்னா நீதான் கொன்னன்னு சொல்லுவாங்கன்னாங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரி நான் உள்ளயிருந்து ஓடனத பாத்துட்டா. நான் பொய் சொன்னது தெரிஞ்சதும் எல்லாமே பொய்யின்னு ஆயிடுச்சி. உங்க மாமா நெனைக்கறது அதனாலதான். உங்கப்பாவ புடிச்சிக்கினு போனாங்க. கேஸு ஒண்ணுமில்லன்னு ஆவறதுக்குள்ள உன்ன கெடாருக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க. அண்ணன் என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு திருப்பூர் போனதுதான். வேற கல்யாணம், வேற புள்ளைங்க."

பிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் எங்க இருந்தேன்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் மடியில. தூங்கிக்கினு இருந்த."

அவள் முகம் மாறியது. அதில் ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. "அதனாலதான் நீங்க எழுந்துக்கலியா? நான் முழிச்சிப்பேன்னு?"

அக்கா அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். நானாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்படித்தான் இருந்திருக்கும்னு இத்தன வருஷமா நெனச்சிப் பாக்கறேன். இல்லம்மா. சீரியல்தான்."

அந்தப் பெண் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சாமல், முகத்தைக்கூட மறைக்காமல் அழுதாள். அக்கா பக்கத்தில் போகவில்லை. தொடுகிற உரிமை தனக்கு இல்லை என்பது போலக் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் நகரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவள் கேட்டது நான் எதிர்பாராதது.

"அவங்க என்ன எப்படிக் கூப்புடுவாங்க?"

"குட்டின்னு."

"எப்படி?"

"குட்டி." அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"அப்படி இல்ல. அவங்க கொரல்ல." அவள் முன்னால் குனிந்தாள். "எங்கிட்ட ஒரு போட்டோதான் இருக்குது. கல்யாண கேசட்டு பூஞ்ச புடிச்சிப் போச்சி. அதுலயும் மேளமும் சினிமாப் பாட்டுந்தான் வச்சிருந்தாங்களாம். எங்க அம்மா கொரல நான் கேட்டதே இல்ல. மாமாவ கேட்டா, மறந்துடுச்சின்றாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

"எனக்கு வேற ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா" என்றார் அக்கா.

"கூப்ட்டுக் காட்டுங்க."

மாட்டேன் என்றார். முடியாது என்றார். அவள் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குட்டி... இங்க வாடி குட்டி."

அது அக்காவின் குரல் இல்லை. அக்காவுக்குக் கட்டைக் குரல். இது மெலிசாக, ஏறி, கடைசியில் லேசாக இழுத்து முடிந்தது. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண்ணின் குரல். நான் நின்றிருந்த அடுக்களைக்குள்ளிருந்து அது வந்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவ, அத்த" என்றாள்.

அன்று அவள் புட்டிங் சாப்பிடவில்லை. ஆனால் டப்பாவில் போட்டுக் கொடுத்ததை மறுக்காமல் எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தாள். கெடாரில் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாளாம். மாமாவிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள், அவர் நம்பவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் அக்காவிடம் சொன்னதாக நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவள் வருவது எதற்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா கிண்ணத்தை வைப்பார். அவள் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். சற்று நேரத்தில் மாடியிலிருந்து அந்த மெல்லிய குரல் இறங்கி வரும். முதலில் குட்டி என்பது மட்டும்தான். போகப் போக அண்ணி பேசியது ஒவ்வொன்றாக வந்தது. "சோறு துப்பாத குட்டி." "தோ பாரு, காக்கா." நான் கீழே துணி அலசிக்கொண்டே கேட்பேன். என் மகள் ஒருநாள், "மேல யாரும்மா புதுசா இருக்காங்க?" என்றாள்.

பாப்பா என்று மட்டும் அக்கா அந்தப் பெண் முன்னால் கூப்பிட்டதே இல்லை.

வருடம் திரும்புவதற்குள் அக்கா வானூர் பக்கமே ஒரு மையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே போனதிலிருந்து போன் எடுக்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

காலி செய்வதற்கு முந்தின வாரம் ஒரு புதன்கிழமை அவர் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. எனக்கும் அன்று லீவு. பகல் பதினொரு மணிக்குக் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் அந்தக் குரல் கேட்டது.

"பாப்பா."

அந்தப் பெண் வந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலே வாசலில் அக்காவின் செருப்பு மட்டும்தான் கிடந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா கூடத்து நாற்காலியில், வாசலுக்கு முதுகைக் காட்டி, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"பாப்பா" என்று அவர் வாயிலிருந்தே அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

உடனே அவர் தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தோ வந்துட்டேன் அண்ணி" என்று தன் கட்டைக் குரலில் சொல்லிக்கொண்டே, யாருமில்லாத அந்த அடுக்களைக்குள் ஓடினார்.